ஐ.சி.யூ. வாசலில் யார் முடிவெடுப்பது?

வேலூர் லாங் பஜாரில் வியாபாரம் செய்து வயதானவர்கள், கடை யாருக்கு வீடு யாருக்கு என்று உயில் எழுதி வைப்பது வழக்கம்தான். ஆனால் நினைவு தப்பி, தொண்டையில் குழாயோடு படுத்திருந்தால் எந்த வைத்தியம் வேண்டும், எது வேண்டாம் என்று எழுதி வைத்தவரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இத்தனைக்கும் சி.எம்.சி. மருத்துவமனை நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. அப்படி எழுதி வைக்க உங்களுக்கு உரிமை உண்டு. அந்தத் தாளை லிவிங் வில் (சுயநினைவு இழந்தால் எந்தச் சிகிச்சை வேண்டாம் என்று முன்பே எழுதி வைக்கும் ஆவணம்) என்கிறார்கள்.

இந்த உரிமை எப்படி வந்தது? மும்பை கே.இ.எம். மருத்துவமனையில் செவிலியராக இருந்த அருணா ஷான்பாக், 1973இல் நடந்த கொடூரத் தாக்குதலுக்குப் பிறகு 42 ஆண்டுகள் படுக்கையிலேயே இருந்து 2015இல் இறந்தார். அவர் வழக்கில் 2011இலேயே உச்ச நீதிமன்றம் பாதிக் கதவைத் திறந்தது. ‘காமன் காஸ்’ என்ற அமைப்பு 2005இல் தொடுத்த வழக்கில், 2018 மார்ச் 9 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு முழுவதும் திறந்துவிட்டது. கண்ணியமாக இறப்பதும் அரசியல் சாசனத்தின் 21ஆவது பிரிவு தரும் வாழும் உரிமைக்குள் அடக்கம் என்றது. ஆனால் ஆவணத்தில் நீதித்துறை நடுவரின் கையெழுத்தும் வேண்டும் என்று அப்போது விதித்தார்கள். அதற்காக யார் கோர்ட் படி ஏறுவார்கள்? 2023 ஜனவரி 24 அன்று அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள்.

“கருணைக்கொலைதானே இது?” இல்லை. ஊசி போட்டு உயிரை முடிப்பது இன்றும் குற்றம். இங்கே அனுமதிக்கப்படுவது வேறு. குணமாக வழியே இல்லாதபோது, உயிரை இழுத்துப் பிடித்து வைத்திருக்கும் கருவியையும் மருந்தையும் நிறுத்துவது, அல்லது தொடங்காமல் விடுவது. அதன்பின் நோய் தன் போக்கில் முடிகிறது.

“எழுதிக் கொடுத்துவிட்டால், நெஞ்சுவலி என்று போனாலும் கவனிக்காமல் விட்டுவிடுவார்களோ?” எல்லோருக்கும் வரும் பயம் இது. கவலை வேண்டாம். நோய் முற்றி, நீண்ட சிகிச்சைக்குப் பிறகும் குணமாகும் நம்பிக்கை இல்லாமல், நீங்களே முடிவு சொல்லும் நிலையிலும் இல்லாதபோதுதான் அந்தத் தாள் பேசத் தொடங்கும். நெடுஞ்சாலையில் லாரி மோதி மயக்கத்தில் கொண்டுவரப்பட்டால், காப்பாற்ற வேண்டியதையெல்லாம் செய்வார்கள். நினைவோடு இருக்கும்வரை உங்கள் வாய்ச்சொல்தான் முடிவு. தாளை யாரும் எடுக்க மாட்டார்கள்.

“சொத்துக்காகப் பிள்ளைகளே அவசரப்பட்டால்?” நியாயமான சந்தேகம். தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்ற பெயரில் முதியவர்களைக் குளிப்பாட்டிச் சாகவிட்ட வழக்கத்தை அறிந்த நாடு இது. அதனால்தான் குடும்பம் மட்டும் சொல்லிக் கருவியை நிறுத்த முடியாது. சிகிச்சை தரும் மருத்துவரோடு, குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரண்டு நிபுணர்கள் சேர்ந்த குழு முதலில் பார்க்கும். பிறகு இரண்டாவது குழு ஒன்று தனியாகப் பார்க்கும். அதில் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிக்கும் மருத்துவர் ஒருவர் இருப்பார். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல வேண்டும். நிறுத்துவதற்கு முன் நடுவருக்கு மருத்துவமனை தகவல் தர வேண்டும். குழுக்கள் மறுத்துவிட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

சரி, எப்படி எழுதுவது? 18 வயது நிறைந்து, தெளிந்த மனத்தோடு, யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் எழுத வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்திடுங்கள். உறவினரல்லாத சாட்சிகளாக இருந்தால் நல்லது. பிறகு நோட்டரி (ஆவணங்களுக்குச் சான்றளிக்க அரசு அனுமதித்த வழக்கறிஞர்) ஒருவரிடமோ, பச்சை மையில் கையெழுத்திடும் கெஜட்டட் அதிகாரியிடமோ சான்று வாங்கினால் முடிந்தது. வக்கீல் வைத்து எழுத வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

என்ன எழுதுவது? “என்னைக் கஷ்டப்படுத்தாதீர்கள்” என்று பொதுவாக எழுதினால் டாக்டருக்கு ஒன்றும் புரியாது. பெயர் சொல்லி எழுதுங்கள்: வென்டிலேட்டர் (செயற்கையாக மூச்சு விடவைக்கும் கருவி) வேண்டுமா, டயாலிசிஸ் வேண்டுமா, இதயம் நின்றால் நெஞ்சை அழுத்தி மறுபடி ஓடவைக்க முயல வேண்டுமா, குழாய் வழி உணவு வேண்டுமா. உங்களை வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடம் அரை மணி நேரம் கேட்டுவிட்டு எழுதினால் பாதிக் குழப்பம் தீரும். வலிக்கும் மூச்சுத் திணறலுக்குமான மருந்தைக் கடைசிவரை தர வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சார்பில் பேசப்போகிறவரின் பெயரையும் எழுத வேண்டும். என்னைக் கேட்டால், மற்ற எல்லாவற்றையும்விட இதில்தான் நேரம் செலவிட வேண்டும். மூத்த மகன் என்பதற்காகத் துபாயில் இருப்பவர் பெயரைப் போடாதீர்கள். கூப்பிட்டவுடன் ஆஸ்பத்திரிக்கு வரக்கூடிய, சொந்தபந்தம் கூடிச் சத்தம் போட்டாலும் “அப்பா இப்படித்தான் கேட்டார்” என்று நின்று சொல்லக்கூடிய ஒருவர் வேண்டும். அது மருமகளாகவும் இருக்கலாம். ஒன்றுக்கு மேற்பட்டவர்களையும் குறிப்பிடலாம். பெயரை எழுதுவதோடு விடாமல், பிள்ளைகள் அனைவரையும் உட்காரவைத்துச் சொல்லிவிடுங்கள். யாருக்கும் தெரியாமல் பீரோவுக்குள் கிடக்கும் தாளால் பயன் இல்லை.

நகல் யாரிடம் இருக்க வேண்டும்? பெயர் குறிப்பிட்டவர்களிடம் ஒன்று, குடும்ப டாக்டரிடம் ஒன்று. இன்னொன்று உள்ளாட்சி அலுவலகத்துக்கு: வேலூரில் மாநகராட்சி, ஆம்பூரில் நகராட்சி, கிராமத்தில் பஞ்சாயத்து. அங்கே இதைப் பாதுகாக்க ஓர் அலுவலரை நியமிக்க வேண்டும் என்பது தீர்ப்பு. கவுன்ட்டரில் இருப்பவர் விழித்தால் கோபப்படாதீர்கள். கடிதத்தோடு கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கி வாருங்கள். கர்நாடகம் 2025 ஜனவரியில் இதை நடைமுறைப்படுத்தச் சுற்றறிக்கையே விட்டது. ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து பெங்களூருக்கு வைத்தியத்துக்குப் போகிறவர்கள் நகலைக் கையோடு எடுத்துப் போகலாம்.

எழுதி வைக்காதவர்கள் கதி? அவர்களுக்கும் இதே இரண்டு குழு வழி உண்டு, குடும்பத்தின் சம்மதத்தோடு. ஆனால் நடப்பது பெரும்பாலும் வேறு. பணம் தீர்ந்ததும், “எங்கள் சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போகிறோம்” என்று கையெழுத்துப் போட்டு, கையால் அழுத்தும் காற்றுப் பையோடு ஆம்புலன்ஸில் ஊருக்குக் கிளம்புகிறார்கள். வீட்டில் வலிக்கு மருந்து இருக்காது. கையெழுத்துப் போட்ட மகன், அப்பாவைத் தானே சாகவிட்டதாக வருஷக்கணக்கில் மருகுவார். இந்தத் தீர்ப்பு ஏழைகளுக்கு ஆபத்து என்று வாதிடுகிறவர்கள் இந்த ஆம்புலன்ஸையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

டாக்டர்கள் தரப்பிலும் தயக்கம் உண்டு. கருவியை எப்போது விலக்கலாம் என்று 2024இல் மத்திய சுகாதார அமைச்சகம் வரைவு நெறிமுறை வெளியிட்டது. சட்டக் கண்காணிப்புக்குள் போனால் மருத்துவர்களுக்கு மன அழுத்தம்தான் கூடும் என்று இந்திய மருத்துவச் சங்கம் எதிர்த்தது. வழக்கு வந்துவிடுமோ என்ற அவர்கள் பயம் புரிகிறது. நீங்கள் தெளிவாக எழுதிய தாள் கையில் இருந்தால் அந்தப் பயம் கொஞ்சம் குறையும்.

கருவி வேண்டாம் என்றால் கவனிப்பே வேண்டாம் என்று பொருளல்ல. பேலியேட்டிவ் கேர் (நோயைக் குணமாக்க முடியாதபோதும் வலியையும் அவதியையும் தணிக்கும் சிகிச்சை) தொடரும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இது வீட்டுக்கே வர வழியுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

மனம் மாறினால்? எப்போது வேண்டுமானாலும் எழுத்தில் ரத்து செய்யலாம், புதிதாகவும் எழுதலாம். இரண்டு தாள் இருந்தால் தேதியில் பிந்தியதுதான் செல்லும். எனவே தேதி போட மறக்காதீர்கள். பழைய நகல்களை வைத்திருப்பவர்களிடமிருந்து திரும்ப வாங்கிக் கிழித்துவிடுங்கள்.