சிறு காசுகள் காத்த கடற்கரை நகரம்

பிரிட்டனின் மேற்கு ஓரத்திலுள்ள வேல்ஸ் நாட்டில், கார்டிகன் விரிகுடாவின் கரையில் அமைந்த சிறு நகரம் அபரிஸ்ட்வித். வேல்ஸ் மொழியில் 'அபர்' என்பது ஆற்றின் முகத்துவாரம். இஸ்ட்வித் ஆறு கடலில் கலக்குமிடம் என்பதே பெயரின் பொருள். 1277இல் முதலாம் எட்வர்டு மன்னர் எழுப்பத் தொடங்கிய கோட்டையின் சிதைவும், வளைந்து செல்லும் கடற்கரைச் சாலையும், 1896 முதல் குன்றேறும் இழுவை ரயிலும் பயணிகளை ஈர்க்கின்றன. வங்கியோடு பழகிய நமக்கு இந்நகரம் வேறொரு செய்தியும் வைத்திருக்கிறது.

19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கு இயங்கிய வங்கியொன்று, தன் பணத்தாள்களில் கறுப்பு ஆடுகளை அச்சிட்டது. ஒரு பவுன் தாளில் ஓர் ஆடு. இரண்டு பவுனுக்கு இரண்டு. பத்து ஷில்லிங்குக்கு ஓர் ஆட்டுக்குட்டி. எழுத்தறியாதவரும் தாளின் மதிப்பை உடனே அறியலாம். ஆயினும் அவ்வங்கி நெடுநாள் நிலைக்கவில்லை. தாளில் எத்தனை ஆடுகள் என்பதைவிட, தாளை வெளியிட்டவரின் நிதிநிலை எத்தகையது என்பதே முதன்மையானது.

1864இல் ரயில் வந்தது. ரயில்பாதை ஒப்பந்தக்காரரான தாமஸ் சாவின், பயணிகள் பெருகுவர் என்று நம்பிக் கடற்கரையில் மாபெரும் விடுதி கட்டினார். லண்டனிலிருந்து வந்துசெல்லும் பயணச்சீட்டு வாங்குவோர்க்கு விடுதியில் இலவசத் தங்கல் என்பது அவர் வகுத்த திட்டம். வருவாய் வருமுன்பே செலவு எல்லை மீறியது. 1866இல் அவர் நொடித்துப்போனார். ஏறத்தாழ 80,000 பவுன் விழுங்கிய கட்டடம் 10,000 பவுனுக்கு விலைபோயிற்று.

அதை வாங்கியோர், வேல்ஸ் மக்களுக்கென ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென முயன்றவர்கள். 1872இல் 26 மாணவர்களுடன் அங்கே கல்லூரி தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அரசின் மானியம் இல்லை. தேவாலயங்களில் ஞாயிறுதோறும் கூடிய எளிய மக்களிடம் காசு திரட்டப்பட்டது. அவர்கள் தந்த சில்லறையே கல்லூரியின் கதவு மூடாமல் காத்தது. 1885இல் தீ விபத்து நேர்ந்தபோதும் கல்லூரி மீண்டெழுந்தது. 1907இல் அரச சாசனம் பெற்ற வேல்ஸ் தேசிய நூலகமும் இந்நகரின் குன்றின்மீதே நிற்கிறது; அதற்கும் சுரங்கத் தொழிலாளர்கள் தம் கூலியிலிருந்து நன்கொடை அளித்தனர்.

ஷ்ரூஸ்பரி வழியாக ரயிலில் இந்நகரை அடையலாம். செல்லும் வாய்ப்புப் பெறும் வாசகர்கள், கடலை நோக்கி நிற்கும் அப்பழைய கட்டடத்தின் முன் சற்றே நிற்க வேண்டுகிறோம். ஒருவரின் பெருங்கடனால் எழுந்து, பலரின் சிறுதுளியால் நிலைத்த கட்டடம் அது.