மானைக் கொன்றவர் நடிகர் என்றால்?

பிரபலங்கள் மிருகவதையில் குற்றவாளியானால் மற்றவர்களை விடக் கூடுதல் தண்டனை வேண்டும் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடில்லை.

சல்மான் கானையே எடுங்கள். 1998இல் ஜோத்பூருக்கு அருகே கங்கானி கிராமத்தில் இரண்டு வெளிமான்களைக் கொன்றதாக வழக்கு. தீர்ப்பு வந்தது 2018 ஏப்ரல் 5இல்: 5 வருடச் சிறை. மக்கள் பார்த்துப் பின்பற்றும் நடிகர் என்பதையும் நீதவான் குறிப்பிட்டார். இரண்டு இரவு சிறையில் இருந்தார், பிணை கிடைத்தது. சிறுபான்மையினர் என்பதால்தான் தண்டனை என்று பாகிஸ்தானின் வெளிநாட்டமைச்சர்கூடப் பேசினார். அதே வழக்கில் சயீப் அலி கானும் தபுவும் விடுதலையானது ஏனோ அவருக்கு நினைவில்லை.

எங்கள் பல்லேகமவிலிருந்து வஸ்கமுவ காடு அதிக தூரமில்லை. இந்தப் பக்கம் ஒரு கூலியாள் மான் இறைச்சியோடு பிடிபட்டால் வழக்கை 20 வருடம் இழுக்க அவனிடம் காசு ஏது? சரிசெய்ய வேண்டியது இதைத்தான்.

மக்ஸூம் கோத்திரத்துப் பெண் திருடியபோது அவளுக்காகப் பரிந்து பேசினார்கள். தன் மகள் ஃபாத்திமாவே திருடினாலும் தண்டனை அதுதான் என்றார்கள் நபி (ஸல்) அவர்கள். கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. பூனையைக் கட்டிவைத்துப் பட்டினி போட்டுக் கொன்ற பெண் நரகம் சென்றதைச் சொன்னவர்களும் அவர்களே.

நம் நாட்டில் மாட்டையோ நாயையோ வதைத்தவருக்கு 1907ஆம் ஆண்டின் மிருகவதைச் சட்டம் வைத்த உச்ச அபராதம் 100 ரூபா, சிறை 3 மாதம். பிரபலம் என்று அபராதத்தை இரட்டிப்பாக்கினாலும் 200 ரூபாதான்.