நிழலில் வாழும் நீலப் பறவை

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. கோடை விடுமுறையில் பிள்ளைகளோடு அங்குச் செல்லும் குடும்பத்தினர் ஏரியையும் பூங்காவையும் கண்டு மகிழ்ந்து திரும்புவர். வழியோர மூங்கிற் புதரிலிருந்து எழும் ஒரு மெல்லிய குரலைச் செவிமடுப்போர் மிகச் சிலரே. அது நீல ஈப்பிடிப்பானின் குரல்.

சிட்டுக்குருவியினும் சற்றே சிறிய பறவை இது. ஆணுக்கு முதுகு நல்ல நீலம், தொண்டையும் மார்பும் செம்மஞ்சள், வயிறு வெண்மை. பெண்ணின் நிறம் மங்கலாக இருக்கும். தாழ்ந்த கிளையில் நிமிர்ந்து அமர்ந்திருக்கும். பூச்சி பறந்தால் பாய்ந்து கவ்வும். அந்தி மயங்கிய பின்னும் இரை தேடுவதுண்டு. கல்கத்தாவில் பணியாற்றிய எட்வர்ட் பிளைத் 1843-இல் இதனை உலகுக்கு அறிவித்தார். பறவை ஆய்வில் ஈடுபட்ட இராணுவ அதிகாரி டிக்கெலின் பெயரைச் சூட்டினார்.

வறண்ட காடேயாயினும் இப்பறவை நாடுவது நிழலைத்தான். சேர்வராயன் மலைச்சரிவின் இலையுதிர் காடுகளும் ஓடைக்கரைகளும் அதற்கு ஏற்றவை. தலைச்சோலை முதலிய ஊர்களைக் கொண்ட மேட்டுப் பகுதிக்கு, 1820-களில் சேலம் கலெக்டராயிருந்த காக்பர்ன் காலத்தில் காப்பிப் பயிர் வந்தது. காப்பிச் செடிக்கும் நிழல் வேண்டும். ஆகவே பலா, அத்தி போன்ற மரங்கள் தோட்டங்களில் விட்டுவைக்கப்பட்டன. பயிருக்கான நிழல் பறவைக்கும் புகலிடமாயிற்று.

பின்னர் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் மரம் இம்மலையில் பரவியது. அது விரைந்து வளரும், மிளகுக்கொடி படர உதவும், வெட்டினால் விலைபோகும். தோட்டக்காரரின் கணக்கில் பிழையில்லை. எனினும் நீல ஈப்பிடிப்பான் கூடு கட்டுவது மரப்பொந்திலும் பாறை இடுக்கிலும்தான். விற்பனைக்கென வளர்க்கும் மரம் பொந்து விழும் வயதுவரை நிற்பதில்லையே!

இப்பறவை இன்று அழிவின் விளிம்பில் இல்லை. இந்தியாவிலும் இலங்கையிலும் பரவலாகவே வாழ்கிறது. ஆதலால் இதனைக் காக்கப் பெருந்திட்டம் எதுவும் தேவையில்லை. தோட்டம் உடையோர் பத்துச் சில்வர் ஓக்குகளுக்கிடையே ஒரு பழைய நாட்டு மரத்தையேனும் விட்டுவைத்தால் போதும். மலைக்குச் செல்வோர் நிழலான ஓரிடத்தில் வாகனத்தை நிறுத்தி, ஒலிபெருக்கியை அணைத்துச் சற்றே காத்திருக்கட்டும். அந்த நீலச் சிறகைப் பிள்ளைகளே முதலில் கண்டுகொள்வார்கள்.