லொறிக்கு முன் உறுதி

புங்குடுதீவு வழியாகக் குறிகட்டுவான் இறங்குதுறைக்குப் போகிறவர்கள் கூரையற்ற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். 1991இல் அந்தத் தீவே இடம்பெயர்ந்தது. அதற்கு முந்திய வருடம், ஒக்டோபர் 30இல், யாழ்ப்பாண முஸ்லிம்களான எங்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். வாப்பா எடுத்தது உம்மம்மாவின் மருந்துப் பையை. காணி உறுதி அலுமாரியிலேயே இருந்தது.

ஆகவே, கொழும்பில் தொடர்மாடிக்கு வீடு மாறுகிறோம் என்று யோசனை கேட்பவர்களிடம் ஊர்க் காணியின் உறுதியைப் பற்றித்தான் முதலில் விசாரிப்பேன். தொலைந்திருந்தாலும் காணிப் பதிவகத்தில் பிரதி எடுக்கலாம். உறுதி இலக்கம், திகதி, நொத்தாரிசின் பெயர் மூன்றும் தெரிந்தால் தேடுவது இலகு. அவற்றை வீட்டில் இருவராவது எழுதி வைத்திருங்கள். வேறொருவர் காணியைப் பத்து வருடம் தடையின்றித் தனதாக ஆண்டால் ஆட்சியுரிமை கோர முடியும். யுத்தத்தால் வழக்குப் போட முடியாதவர்களுக்கு 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் சலுகை தந்தது; அதுவும் குறித்த காலத்துக்கே.

புது வீட்டுக்குப் போனதும் கிராம அலுவலரிடம் வாக்காளர் பதிவைப் பேசுங்கள். பெயரை எந்த ஊரில் வைப்பது என்பதை அதற்குமுன் குடும்பமாக இருந்து தீர்மானியுங்கள். எங்களுக்கு அது சின்ன விஷயமல்ல.

சாமான் கட்டுவது இதைவிட இலேசு. அலுமாரி மின்தூக்கிக்குள் நுழையுமா என்று மட்டும் லொறி வருமுன் அளந்துவிடுங்கள்.