இதயத்தோடு வாழ்தல் – 9: அமாவாசை இரவும் அரை மாத்திரையும்

சிறு வயதில் தொண்டை வலியாகத் தொடங்கும் வாதக் காய்ச்சல், இதய வால்வை எப்படிச் சுருக்கிக் கெடுக்கிறது என்று சென்ற வாரம் பார்த்தோம். மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலின் அமாவாசை ஊஞ்சல் உற்சவக் கூட்டத்தில், புடவைத் தலைப்புக்குள் நீளத் தழும்பை மறைத்தபடி வால்வு மாற்றிக்கொண்ட பெண்களும் நிற்பார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவர்களுடைய நாள் எப்படிப் போகிறது?

டாக்டர் வலியத்தான் தலைமையில் திருவனந்தபுரம் ஸ்ரீசித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கிய சித்ரா வால்வு, 1990 டிசம்பரில் முதன்முதலாக ஒரு நோயாளிக்குப் பொருத்தப்பட்டது. வெளிநாட்டு வால்வு வாங்க வசதியில்லாதவர்களுக்கு அது பெரிய வரம். ஆனால் எந்த நாட்டு வால்வானாலும் இயந்திர வால்வின்மேல் ரத்தம் உறையப் பார்க்கும். கட்டி பெயர்ந்து மூளைக்குப் போனால் பக்கவாதம். அதனால்தான் ஆயுள் முழுக்க வார்ஃபரின் அல்லது அசிட்ரோம் மாத்திரை.

மாத்திரையின் விலை பெரிதில்லை, அளவுதான் பாடு. ஒரு நாள் ஒன்று, மறுநாள் முக்கால் என்று பிளேடால் நறுக்கிப் போடுகிறவர்கள் உண்டு. அளவைத் தீர்மானிப்பது ஐ.என்.ஆர். என்ற ரத்தப் பரிசோதனை. மருந்து எடுக்காதவருக்கு அது ஏறக்குறைய 1. வால்வு வைத்தவர்களுக்குப் பெரும்பாலும் 2 முதல் 3 வரை, மைட்ரல் வால்வென்றால் 2.5 முதல் 3.5 வரை இருக்க வேண்டும். குறைந்தால் ரத்தம் உறையும், ஏறினால் கசியும்.

“கீரையே தொடாதே” என்று ஊரில் சொல்வார்கள். அது சரியில்லை. முருங்கைக்கீரையில் உள்ள வைட்டமின் கே மருந்தின் வேகத்தைக் குறைப்பது உண்மைதான். ஆனால் வாரம் இரண்டு முறை சாப்பிடுகிறவர் அப்படியே சாப்பிடலாம், அதற்கேற்ப மருத்துவர் மாத்திரையைச் சரிசெய்வார். மூன்று மாதம் தொடாமலிருந்து திடீரென்று தினமும் பொரியல் செய்வதுதான் வம்பு. விரதத்தில் பட்டினி கிடந்தாலும் ஐ.என்.ஆர். ஏறிவிடும். அலகு குத்துவதாக வேண்டிக்கொண்டவர்கள், அம்மனிடம் வேறு நேர்த்திக்கடன் சொல்லிக்கொள்ளுங்கள். முடி இறக்கும்போது கீறல் பட்டால் சுத்தத் துணியால் அழுத்திப் பிடித்தபடியே இருங்கள். மூட்டு வலிக்குக் கடையில் கேட்டு மாத்திரை வாங்க வேண்டாம். மல்லாட்டைக் கொல்லையில் தடுக்கி விழுந்து தலையில் அடிபட்டால், காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும். மலம் தார் போலக் கறுத்தாலும் அப்படியே.

பரிசோதனை தேவைப்படாத புது மாத்திரைகள் வந்திருக்கின்றனவே என்று கேட்கலாம். அவற்றில் ஒன்றான டாபிகாட்ரானை இயந்திர வால்வு உள்ளவர்களிடம் சோதித்த ஆய்வு 2012-ல் பாதியிலேயே நிறுத்தப்பட்டது. ரத்தக்கட்டியும் கூடுதல், கசிவும் கூடுதல். ஆக இவர்களுக்குப் பழைய மருந்துதான், பரிசோதனையும்தான். அதற்காகப் புதுச்சேரி ஜிப்மருக்கோ முண்டியம்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ பஸ் ஏறினால் ஒரு நாள் கூலி போகிறது. மனம் ஆறவில்லை. அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டம் 2021 முதல் வீட்டு வாசலில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்து ஐ.என்.ஆர். பார்க்கும் கருவியும் இருக்கிறது. அதை அந்தத் திட்ட ஊழியர்களின் பையில் சேர்க்க வேண்டும்.

குழந்தை வரம் கேட்டு மேல்மலையனூர் கோயிலுக்கு வரும், வால்வு மாற்றிக்கொண்ட இளம்பெண்களுக்கு ஒன்று. வார்ஃபரின் கருவைப் பாதிக்கும், முதல் மூன்று மாதத்தில் ஆபத்து அதிகம். அதற்குப் பயந்து நீங்களாக நிறுத்தினால் வால்வு அடைத்துக்கொள்ளும். கருத்தரிக்க நினைக்கும்போதே இதய மருத்துவரிடம் போங்கள். நாள் தள்ளிப்போயிருந்தால் இன்றைக்கே போங்கள். ஹெப்பாரின் ஊசிக்கு மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்வார். மாமியாருக்குத் தெரியக் கூடாதென்று வால்வு விஷயத்தை மறைத்தே நாட்களைக் கடத்தும் பெண்கள் இருக்கிறார்கள். கணவர்மார்களே, அடுத்த முறை நீங்களும் கூடப் போங்கள்.

(தொடரும்)