கடலோரச் சமையற்கட்டு – 14: சாளையும் கிழங்கும்

போன வாரம் கருவாட்டோடு நிறுத்தியிருந்தேன். இந்த வாரம் குமரி மாவட்டத்து ராத்திரிச் சாப்பாடு. மீனில் தொடங்காமல் கிழங்கில் தொடங்குகிறேன். அங்கே முதலில் அடுப்பில் ஏறுவது மரச்சீனிக் கிழங்குதான், அதாவது மரவள்ளி. அது வேகும் என்று தெரிந்த பிறகே, நான் சாப்பிட்ட வீட்டு மாமி மீன் சட்டியைத் தொடுவார்.

கிழங்கை இந்த மண்ணில் பரப்பியவர் என்று 1880 முதல் 1885 வரை திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாளைச் சொல்வார்கள். 1942இல் பர்மா ஜப்பானியர் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றபோது, அன்று திருவிதாங்கூரில் இருந்த குமரிக்காரர்களின் வயிற்றையும் இந்தக் கிழங்குதான் நிரப்பியது. பஞ்சத்துக்கு வந்தது, பழகிப்போய் ருசியாக நின்றுவிட்டது.

மேல்தோலோடு உள்ளே இருக்கும் தடித்த தோலையும் உரித்து, துண்டு போட்டு, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். கிழங்கில் சயனைடு தரும் பொருள் உண்டு. இதில் சோம்பல் கூடாது. பிறகு தேங்காய், பச்சைமிளகாய், சீரகம், சின்ன வெங்காயம், மஞ்சள் ஒன்றிரண்டாகச் சதைத்துப் போட்டு அகப்பையால் மசிக்க வேண்டும். சென்னையில் ஒரு தடவை ஒரு மணி நேரம் வேகவைத்தும் விறைத்துக்கொண்டே நின்ற கிழங்கை வாங்கி ஏமாந்திருக்கிறேன். அன்று குழம்பு நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சாப்பாடு கெட்டது.

இனி சாளை. வடக்கே மத்தி என்பார்கள். மழைக்காலம் கழிந்து வரும் நெய்ச்சாளையில் கொழுப்பு கூடுதல்; அதற்கு ஈடான மீனை நான் தின்றதில்லை. வஞ்சிரம்தான் மீன் என்பவர்களோடு எனக்குப் பேச்சில்லை. தேங்காய், வத்தல் மிளகாய், மல்லி, மஞ்சள், கொஞ்சம் நல்லமிளகு. இதை வெண்ணெய் பதத்துக்கு அரைப்பதில்தான் குழம்பு இருக்கிறது. மிக்ஸியில் அரைத்தால் திப்பி திப்பியாக நாக்கில் தட்டுகிறது. அம்மி இல்லாதவர்கள் பொறுமையாக இரண்டு தடவை ஓட்டுங்கள். புளிக்கரைசலும் முருங்கைக்காயும் சேர்த்துக் கொதித்து, பச்சை வாசம் போன பிறகு மீன். ஏழெட்டு நிமிஷம் போதும்.

மீனைப் போட்டதும் அகப்பையால் கிண்டப் போனேன். “மக்களே, அகப்பையை வெளிய எடு. சட்டியப் பிடிச்சுச் சுத்து!” என்றார் மாமி. துணியால் இரண்டு பக்கமும் பிடித்து ஒரு சுற்று. மீன் உடையவில்லை, விரல்தான் சுட்டது. இறக்கும்போது கறிவேப்பிலை, மேலே பச்சைத் தேங்காய் எண்ணெய்.

பக்கத்துக்கு நெத்திலி அவியல்: மாங்காய்ப் புளிப்பும் பச்சைமிளகாய்க் காரமுமாக, தண்ணீர் வற்றி. அப்புறம் முருங்கைக்கீரை துவரன். இந்த இரண்டும் சும்மா இல்லை. கிழங்கு சப்பென்று இருக்கும், சாளை கொழுப்பு. மாங்காய் நாக்கைத் துடைத்து அடுத்த வாய்க்குத் தயாராக்குகிறது. கீரை, தொண்டைக்கு ஒரு இளைப்பாறல்.

சாப்பிட்டு முடித்தபோது இன்னும் ஒரு துண்டு கேட்டேன். மீன் தீர்ந்துவிட்டது என்றார் மாமி. கை கழுவப் போன வழியில் பார்த்தேன்: அடுக்களை மூலையில் தட்டு போட்டு மூடிய சட்டி, மேலே ஒரு கல். காலையில் பழஞ்சிக்கு.

(தொடரும்)