புழுக்கமும் முதுமையும் நெடுந்தூர ஓட்டமும்

போர்ட் பிளேரின் அபர்டீன் பஜாரில் நிற்கும் மணிக்கூண்டு இந்தியா முழுவதற்கும் பொதுவான நேரத்தையே காட்டுகிறதென்றாலும், அந்த நேரத்துக்கு அளவாக வைத்துக்கொண்ட 82½ பாகைத் தீர்க்கரேகைக்குப் பத்துப் பாகை கிழக்கே அந்தமான் தீவுகள் அமைந்திருப்பதால், அங்கே சூரியன் கடிகாரத்தை நாற்பது நிமிஷம் முந்திக்கொண்டே நடக்கிறான். வைகாசி பிறக்கும் நாட்களில் ஐந்து மணி ஆவதற்குள்ளாகவே உதயமாகிவிடுகிறது. அதே நாளில் சென்னையில் உதயத்துக்கு இன்னும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறிய ஒருவர், ஊரில் பழகிய வழக்கத்தை விடாமல் காலை ஆறு மணிக்குக் காலணியை மாட்டிக்கொண்டு இறங்குவாரானால், விடியற்காலையில் ஓடுகிறோம் என்ற திருப்தி அவருக்கு இருக்கலாமேயொழிய, அவர் தலைமீது சூரியன் ஒரு மணி நேரமாக ஏறிக்கொண்டிருப்பது என்னவோ நிஜம். அறுபது பிராயத்தைக் கடந்த பின்னும் நெடுந்தூர ஓட்டத்தைக் கைவிடாதவர்கள் இந்த ஊரில் முதலில் கவனிக்க வேண்டியது இதுதான்: நான்கரை மணிக்கு ஓடத் தொடங்குவது இங்கே மிகையான வைராக்கியம் அன்று, சாதாரண விவேகம்.

2024ஆம் ஆண்டு செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றம் பெற்ற போர்ட் பிளேர், ஓடுகிறவர்களுக்கு அழகிலே குறை வைக்காத ஊர். பஜாரிலிருந்து சரிவாக இறங்கினால் கடல்; இடப்புறமோ வலப்புறமோ எங்கே திரும்பினாலும் ஏற்றமும் இறக்கமும்; மேட்டின்மேல் 1906இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை; கடலோரச் சாலையில் தெற்கு நோக்கிப் போனால் ஆறேழு கிலோமீட்டரில் கார்பைன்ஸ் கோவ் கடற்கரை. உஷ்ணமானி காட்டும் எண்ணும் பயப்படும்படியாக இல்லை. வேலூரும் திருச்சியும் 40 பாகையைத் தாண்டித் தகிக்கும் சித்திரையில்கூட இங்கே உச்சி வெயில் 32, 33 பாகையோடு நின்றுவிடும். ஆனால் காற்றின் ஈரப்பதம் ஆண்டின் பெரும்பகுதியில் 80 சதவீதத்தை ஒட்டியே இருக்கிறது. ஓடுகிறவனை இங்கே தோற்கடிப்பது வெயிலைக் காட்டிலும் இந்தப் புழுக்கமே.

இதன் காரணத்தைச் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். அறுபது கிலோ எடையுள்ள ஒருவர் 10 கிலோமீட்டர் ஓடினால், உணவுக் கணக்கில் ஏறக்குறைய 600 கலோரி செலவாகிறது. அதில் நாலில் மூன்று பங்குக்குமேல் காலை நகர்த்துவதற்குப் பயன்படாமல் வெறும் உஷ்ணமாகச் சரீரத்துக்குள்ளேயே பிறக்கிறது. அந்த உஷ்ணத்தை வெளியேற்ற இயற்கை கொடுத்திருக்கும் முக்கியமான உபாயம் வியர்வை; ஒரு லிட்டர் வியர்வை முற்றிலும் ஆவியாகும்போது சுமார் 580 கலோரி உஷ்ணத்தை எடுத்துச் செல்கிறது. ஆவியாகும்போது என்பதை மறந்துவிடக் கூடாது. மதுரைப் பக்கத்து வறண்ட காற்றில் தண்ணீரைச் சில்லென்று வைத்திருக்கும் மண்பானையைக் கொண்டுவந்து அபர்டீனில் வைத்தால், பானையின் வெளிப்புறம் நனைந்திருக்குமேயன்றி உள்ளிருக்கும் தண்ணீர் அவ்வளவாகக் குளிராது. காரணம், ஏற்கெனவே ஈரத்தால் நிறைந்திருக்கும் காற்று மேலும் ஈரத்தை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. மனித சரீரத்தின் கதியும் அதுவே. இவ்வூரில் மூன்று கிலோமீட்டர் ஓடி நின்றவரைப் பக்கத்தில் பாருங்கள்: முழங்கை நுனியிலிருந்து வியர்வை சொட்டுச் சொட்டாகத் தார்ச்சாலையில் விழுகிறது, பனியன் உடம்போடு ஒட்டிக் கனக்கிறது, காலணிக்குள் ஈரம் சளக்சளக்கென்று சப்திக்கிறது. அவ்வாறு சொட்டி விழுந்த ஒவ்வொரு துளியும் சரீரத்திலிருந்து ஜலத்தையும் உப்பையும் கொண்டுபோயிற்றே தவிர, உஷ்ணத்தைக் கொண்டுபோகவில்லை.

சூரியனே இல்லாவிட்டாலும் புழுக்கம் என்ன செய்யும் என்பதற்கு, 2019ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் தேதி இரவு கத்தார் நாட்டின் தோஹாவில் தொடங்கிய பெண்கள் உலக மாரத்தான் ஒரு சாட்சி. பகல் வெயிலுக்கு அஞ்சிப் பந்தயத்தை நள்ளிரவுக்கு வைத்தார்கள். அப்படியும் வெப்பம் 32 பாகையளவிலும் ஈரப்பதம் 70 சதவீதத்துக்கு மேலும் இருந்தது. புறப்பட்ட 68 பேரில் 28 பேர் பாதியிலேயே விலகினார்கள். முதலாவதாக வந்த கென்ய வீராங்கனைக்கு 2 மணி 32 நிமிஷத்துக்கு மேல் ஆயிற்று. அதே ஆண்டு ஜனவரியில் துபாயில் அவர் 2 மணி 17 நிமிஷத்தில் ஓடியவர். உலகத்தின் முதல் வரிசையில் நிற்கும் ஒருவரையே கால் மணி நேரம் பின்னுக்குத் தள்ளியது அந்தக் காற்று. ஆனால் முதியோர் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய செய்தி வேறொன்று: மூன்றாவதாக வந்த நமீபியாவின் ஹெலாலியா ஜோஹன்னஸுக்கு அப்போது வயது 39, ஆறாவதாக வந்த அமெரிக்காவின் ராபர்டா குரோனருக்கு 41. பிராயம் ஏறியவர்கள் புழுக்கத்தில் பின்தங்கித்தான் தீரவேண்டும் என்ற விதி எதுவும் இல்லை.

அதற்காக முதுமை ஒன்றுமே செய்வதில்லை என்று சொல்வதற்கில்லை. வயது ஏற ஏற, தோலுக்குப் பாயும் ரத்தத்தின் அளவு குறைகிறது. வியர்வைச் சுரப்பிகள் தாமதமாக விழித்துக் குறைவாகச் சுரக்கின்றன. இருதயத்தின் உச்சத் துடிப்பு தாழ்கிறது. சிறுநீரகம் ஜலத்தைச் சேமித்து வைக்கும் திறனில் தளர்கிறது. எல்லாவற்றையும்விட அபாயமானது, தாகம் என்னும் உணர்ச்சியே மழுங்கிவிடுவது. இருபது வயதுப் பையனுக்கு நாக்கு வறண்டு எச்சரிக்கும் சமயத்தில் அறுபத்தைந்து வயதுக்காரருக்கு ஒன்றும் தோன்றுவதில்லை. ரத்த அழுத்தத்துக்கு உட்கொள்ளும் மாத்திரைகளில் சில, நீரை அதிகமாக வெளியேற்றுகின்றன. சில, நாடித் துடிப்பை எழவொட்டாமல் தடுக்கின்றன. ஆதலால் கோடையில் ஓட நினைப்பவர் முன்னதாக வைத்தியரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லி யோசனை கேட்பது அவசியம். தொடர்ந்து ஓடிவருகிறவர்களுக்கு இந்தத் தளர்ச்சிகளில் பல மெதுவாகவே வருகின்றன என்பது ஆறுதலான விஷயம். பஞ்சாபில் பிறந்து, எண்பத்தொன்பதாம் வயதில் மாரத்தான் ஓடத் தொடங்கி, 2011இல் நூறு வயதினராக டொராண்டோ மாரத்தானை 8 மணி 11 நிமிஷத்தில் முடித்த ஃபௌஜா சிங்கை நாடறியும். அவருடைய நிதானத்தைத்தான் நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். அக்டோபர் மாதத்து டொராண்டோவின் குளிர்ச்சி நமக்கு வாய்க்கப் போவதில்லை.

நிதானம் என்றேன். கிலோமீட்டருக்கு இத்தனை நிமிஷம் என்று கைக்கடிகாரத்தைப் பார்த்து ஓடும் பழக்கத்தைப் பங்குனி பிறந்ததும் நிறுத்திவிட்டு, சுவாசத்தைக் கேட்டு ஓடுவதே புழுக்க காலத்துப் பயிற்சியின் சாரம். பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. முடியாவிட்டால் அது தை மாதத்தில் எவ்வளவு சுலபமான வேகமாக இருந்திருந்தாலும் இன்றைக்கு அதிகம். ரத்தத்தின் ஒரு பகுதி உஷ்ணத்தைச் சுமந்து தோலுக்குப் போய்விடுவதால், அதே வேகத்துக்கு இருதயம் கூடுதலாக அடிக்கிறது. மெதுவாக ஓடினாலும் இருதயம் செய்யும் வேலை குறைவதில்லை, ஆகவே பயிற்சியின் பலனும் வீணாவதில்லை. அபர்டீனின் மேடுகளில் நடந்து ஏறுவதில் அவமானம் ஏதுமில்லை.

சரீரத்துக்குப் பழகிக்கொள்ளும் சக்தியும் உண்டு. புழுக்கத்தில் நாள்தோறும் மிதமாக ஓடிவந்தால், பத்து முதல் பதினான்கு நாட்களுக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகி, வியர்வை சீக்கிரமே தொடங்கி, அதில் கழியும் உப்பும் குறைகிறது. ஆனால் சம்பாதித்த இந்தப் பழக்கம் சில வாரங்களில் கரைந்துபோகும். மலைப்பிரதேசத்திலோ குளிர்சாதன அறைகளிலோ ஒரு மாதத்தைக் கழித்துவிட்டுச் சென்னையிலிருந்து கப்பலேறி வந்து இறங்குகிறவர், மறுநாளே பழைய தூரத்தைத் தொட முயலாமல், மறுபடியும் இருபது நிமிஷ ஓட்டத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஜலத்தைப் பற்றிய பேச்சில் இரண்டு தப்பெண்ணங்கள் பரவியிருக்கின்றன. எவ்வளவு குடித்தாலும் நல்லதே என்பது ஒன்று. அளவுக்கு மீறிக் குடித்தால் ரத்தத்தின் உப்பு நீர்த்துப்போய் மயக்கமும் வலிப்பும் உண்டாகி உயிருக்கே ஆபத்து நேரலாம். 2002ஆம் ஆண்டு பாஸ்டன் மாரத்தான் முடிவில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதத்தினருக்கு ரத்தத்தில் உப்பு குறைந்திருந்தது என்பதை வைத்தியர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இளநீர் ஒன்றே போதும் என்பது மற்றொன்று. தீவெங்கும் தாராளமாகக் கிடைக்கும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி, வியர்வையில் நாம் பெரிதும் இழக்கும் சோடியமோ சொற்பம். உப்பிட்ட மோரும், உப்புச் சேர்த்த பழைய சோற்று நீராகாரமும் இந்தக் குறையை நிறைவாகத் தீர்க்கும். எவ்வளவு குடிப்பது என்பதற்குத் தராசே நல்ல குரு: ஓடுமுன்னும் ஓடிய பின்னும் உடம்பைத் துடைத்துக்கொண்டு எடை பாருங்கள், குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். உடல் எடையில் இரண்டு சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் அடுத்த முறை இடையிடையே கொஞ்சம் கூடுதலாகக் குடிக்க வேண்டும். எடை ஏறியிருந்தால் குடித்தது அதிகம்.

மே மாதப் பிற்பகுதியில் தென்மேற்குப் பருவமழை கேரளத்தைத் தொடுமுன்பே அந்தமானை நனைத்துவிடுகிறது. மழையில் ஓடுவது சுகம்தான். பாசி பிடித்த ஓரங்களும், உரசிப் புண்ணாகும் தொடையுமே அப்போதைய தொல்லைகள். பின்னதற்குப் புறப்படுமுன் தடவும் தேங்காய் எண்ணெய் போதும்.

எச்சரிக்கையாக ஒன்று சொல்லியே தீரவேண்டும். ஓடுகிறவர் தள்ளாடினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ, காரணமின்றிக் கோபித்துக்கொண்டாலோ, அது களைப்பு அன்று. உள்ளுடம்பின் உஷ்ணம் 40 பாகையைத் தாண்டியதன் அறிகுறி என்றே கொள்ள வேண்டும். உடம்பு வியர்த்துக்கொண்டிருக்கிறதே என்று அலட்சியம் செய்யலாகாது. ஓட்டத்தால் வரும் உஷ்ண மூர்ச்சையில் வியர்வை நிற்காமலும் இருக்கும். வாகனம் வரட்டும் என்று காத்திராமல், கிடைத்த குளிர்ந்த நீரில் அவரை அமிழ்த்தியோ, வாளி வாளியாக ஊற்றியோ, மீன் கடை ஐஸைத் துணியில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடை இடுக்கிலும் வைத்தோ, முதலில் உடம்பைக் குளிர்வித்துவிட்டே பிறகு ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும். முதல் அரை மணி நேரத்தில் செய்வதைப் பொறுத்தே உயிர் இருக்கிறது. தடுமாற்றத்தில் இருப்பவருக்குத் தன் நிலை தெரியாதாகையால், அபர்டீனிலும் அதைப் போன்ற நம் கடற்கரை ஊர்களிலும் கோடையில் ஓடப் புறப்படும் முதியோரை வேண்டிக்கொள்கிறேன்: தனியாகப் போகாதீர்கள், உடன் வரும் நண்பருக்கு இந்த அடையாளங்களை இன்றைக்கே சொல்லி வையுங்கள்.